அடுப்புக் கதவுச் சத்தத்தை நிறுத்த 420 வெள்ளி (ரிங்கிட்): மலையில் விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று நானே சொல்லிவிடுவேன்.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் எங்களுக்கு ஒரு சின்ன ஹோம்ஸ்டே இருக்கிறது. கேமரன் மலைக்கு வருகிறவர்கள் குளிருக்காகத்தான் வருகிறார்கள், வந்து இறங்கியதும் அதே குளிரைப் பற்றித்தான் புகார் சொல்கிறார்கள். அவர்களுக்காகக் கூடத்தில் விறகு போட்டு எரிக்கிற வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று வைத்திருக்கிறோம். ஏதோ ஒரு துரை பங்களாவில் கிடந்ததை வாங்கியது. ராத்திரி விறகு போடக் கதவைத் திறந்தால் கிரீச்சென்று ஒரு சத்தம், மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேறு கோளாறே இல்லை. வெறும் சத்தம் மட்டும்தான்.

மலைக்குக் கீழே ஒரு ஹார்ட்வேர் கடையில் விசாரித்தேன். கடைப் பெயரைப் போட மாட்டேன், அதைக் கேட்டு இன்பாக்ஸுக்கும் வராதீர்கள். அங்கே வேலைக்கு இருந்த தம்பி என் பேச்சைக் கேட்டதும், "அக்கா எந்தத் தோட்டம்?" என்றான். சொன்னேன். "எங்க பாட்டியும் அங்கதான்கா கொழுந்து பறிச்சாங்க. பக்கத்து லயமாத்தான் இருந்திருக்கும்" என்றான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவ்வளவுதான், நான் கரைந்துவிட்டேன். அம்மாவின் பெயரைச் சொல்லி, உன் பாட்டிக்குத் தெரியுமா என்று கேள் என்றுகூடச் சொன்னேன். அதற்குமேல் அவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?

"பழைய கீல் ஆணி ரெண்டையும் கழட்டிட்டு ஸ்டெயின்லெஸ் ஆணி போட்டு, சூடு தாங்குற கிரீஸ் வச்சுத் தர்றேன்கா. 420 வெள்ளி. இனி சத்தமே வராது." மலையேறி வரப் பெட்ரோல் செலவு இருக்கிறதாம், அதனால் முழுப் பணமும் முதலிலேயே. கவுண்டரில் இருந்த கியூஆரை ஸ்கேன் செய்து 420 வெள்ளியும் கட்டிவிட்டு வந்தேன்.

வந்தான். அடுப்பில் தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கதவைக் கழற்றவே இல்லை. ஆணியைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிப் பார்த்தான், அசையவில்லை. உடனே பையிலிருந்து ஸ்ப்ரே டின்னை எடுத்து, சைக்கிள் செயினுக்கு அடிப்பதுபோலக் கீல் மேல் அடித்தான். தணல் இருக்கிற அடுப்பில்! அந்த டின்னிலேயே தீ படம் போட்டிருக்கும். கதவை ஆட்டிக் காட்டி, "பாத்தீங்களாக்கா, சத்தமே இல்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு தீ மூட்டியதும் கீலிலிருந்து புகை. மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். குளிருக்கு வந்த குடும்பம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்ணெய் எரிந்து, சாம்பலோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. சத்தம் முன்னைவிட மோசம். அதுகூடப் பரவாயில்லை. வார்ப்பிரும்பு சுத்தியல் அடி தாங்காது. கீழ்க் கீலில் விரிசல் விட்டு, இப்போது கதவு தொங்குகிறது. இடுக்கு வழியாகக் காற்று போய், தீயை அடக்கவே முடியவில்லை.

போன் செய்தால் "பாஸ் வெளிய போயிருக்காரு". அப்புறம் "அந்தத் தம்பி லீவு". அப்புறம் "அடுப்பு பழசும்மா, அதுக்கு நாங்க என்ன பண்றது". நேரில் போய் நின்றேன். அந்தப் பையன் தங்கள் ஆளே இல்லை, கன்ட்ராக்ட் ஆள் என்றார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. என் 420 வெள்ளி போனது அவருடைய கடைக் கணக்குக்கு! ஸ்டெயின்லெஸ் ஆணி எங்கே என்று கேட்டேன். ஸ்டாக் இல்லையாம். ரசீதில் "சர்வீஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை. கடைசியில், இன்னும் 180 வெள்ளி கொடுத்தால் புதுக் கீல் வெல்டிங் செய்து தருகிறார்களாம். அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் விரிசல் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பக்கத்து லயமாம்!

கீலை எப்படிச் சரிசெய்வது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த எங்கள் பெரியப்பா சொன்னதை மட்டும் போடுகிறேன். அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். கதவைத் தூக்கிக் கழற்றி, ஆணியையும் துளையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவும் கரியும் போனபிறகு கிராஃபைட் தூள் தடவினால் போதும். அது உலர்ந்த பொடி, எண்ணெய் மாதிரி எரிந்து புகையாது. அவசரத்துக்குப் பென்சில் முனையைத் தேய்த்தால்கூடக் கொஞ்ச நாள் ஓடும். சமையல் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

முழுப் பணத்தை முதலில் கட்டாதீர்கள். என்ன சாமான் போடப் போகிறார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நான் பதியப் போகிறேன். தவுக்கே இதைப் படித்தால் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வெல்டிங் எனக்கு வேண்டாம், என் 420 வெள்ளியைக் கொடுங்கள்.