மூன்று வருடமாக உடனடி மண் பரிசோதனை: என் அனுபவம்

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஓரம் எங்கள் தோட்டம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கும் குட்டையான கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சரி, அதுவரை மண்ணில் இறங்கியது? போதாக்குறைக்கு மேற்கு மூலையில் மூன்று டிராக்டர் ஆற்று வண்டல் வேறு அடித்திருந்தோம்.

அந்தப் பயத்தில்தான் ஒரு தனியார் லேபில் எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனை செய்ய ஆரம்பித்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. மண்மேல் எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரை வெளியிடும்; அதைக் கணக்கிட்டு குரோமியம், ஈயம், துத்தநாகம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கு மண்ணில் எத்தனை பங்கு) என்று ஓரிரு நிமிடத்தில் காட்டிவிடும்.

வேகத்தில் குறையில்லை. ஆனால் முதல் வருடம் மழைக்கு மறுநாள் எடுத்த ஈர மண்ணை அப்படியே பையோடு வைத்து அளந்தார்கள். குரோமியம் 62. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கொண்டுபோனேன். 81! ஈரம் இருந்தால் அளவு குறைவாகத்தான் காட்டுமாம். காசு வாங்குமுன் சொல்லியிருக்கலாம். குரோமியத்தில் விஷம் கூடின வகை எது, மற்றது எது என்றும் இந்தக் கருவி பிரிக்காது, மொத்தத்தைத்தான் சொல்லும். பூச்சிமருந்து எச்சத்துக்கு வேறு பரிசோதனை.

இரண்டாம் வருடம் கூட வந்த சித்தப்பா, "ஏனுங் தம்பி, உப்பு எவ்வளவுன்னு இதுல தெரியுமுங்களா?" என்று கேட்டார். "சோடியம் இதுல வராதுங்க" என்றான் லேப் பையன். எங்கள் தென்னை ஓலை நுனி கருகுவதோ உப்பால்!

அப்புறம்தான் கரைசலில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் ஈசி மீட்டர் பேனா வாங்கினேன். ஒரு பங்கு மண், இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரைமணி தெளியவிட்டு அளக்கிறேன். ஒருமுறை போர்த்தண்ணி ஊற்றிவிட்டு, கூடுதலாக வந்த அளவைப் பார்த்து அலறியதும் உண்டு. கோடையில் உப்பு மேலே ஏறி நிற்கும், மழைக்குப் பிறகு கீழே இறங்கும். அதனால் வருடா வருடம் சித்திரையில்தான் மண் எடுக்கிறேன். 1413 என்று காட்டவேண்டிய சரிபார்ப்புக் கரைசலில் பேனாவைச் சரிபார்க்காமல் எடுத்த அளவை நோட்டில் எழுதுவதில்லை.

இந்த வருடம் லேபுக்குப் போவது வண்டல் அடித்த மூலை மண் மட்டும். மற்றதற்கெல்லாம் பேனா போதும்.