வாஷ்பேசின் நாற்றத்துக்கு டைல்ஸை உடைக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

வாஷ்பேசினில் நாற்றம் என்று ஆள் கூப்பிட்ட ஒரு வீட்டில் நடந்தது இது. வந்தவர் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் தங்காமல் இறங்கியது. இருந்தும் "லைனில் அடைப்பு" என்று ஒரு பாட்டில் ஆசிட்டை ஊற்றிவிட்டுக் கூலி வாங்கிப் போனார். நான்கு நாள் நாற்றமில்லை, ஐந்தாம் நாள் திரும்பிவிட்டது. மறுபடி வந்தவர் பேசினுக்கு அடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புக் கசடைக் காட்டி, "இது கெட்டுப்போச்சு" என்றார். அதை எடுத்துவிட்டு, மடிப்பு மடிப்பாக நீளும் பிளாஸ்டிக் பைப்பை நேரே சுவர்த் துளையில் சொருகினார். நாற்றம் இன்னும் மோசமானது. மூன்றாம் தடவை, சுவருக்குள் பைப் அழுகிவிட்டது, டைல்ஸை உடைக்க வேண்டும் என்றார்.

அந்த வீட்டில் தேவைப்பட்டது ஒரு பிரஷும் கழற்றிய அதே ட்ராப்பும்தான். மூன்று தடவையும் சொன்ன காரணம் ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் அந்த ஆசிட். தண்ணீர் தடையின்றி இறங்கும் பேசினில் நாற்றம் வந்தால் அது அடைப்பு இல்லை. சோப்பு, பற்பசை, எச்சில், முடி, தோல் அழுக்கு எல்லாம் பைப்பின் உள்சுவரில் படிய, அதைத் தின்று பாக்டீரியா வளர்ந்து தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. படலத்தின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாதான் அழுகிய முட்டை வாடையை, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடை, உண்டாக்குகிறது. இந்தப் படலம் பெரும்பாலும் வடிதுளையின் ஜாலிக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குள்ளும், பேசினின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும் ஓவர்ஃப்ளோ துளைக்குப் பின்னாலும்தான் இருக்கும். அந்தத் துளையிலிருந்து பீங்கானுக்குள்ளேயே ஒரு வழி கீழே இறங்கி, கப்ளிங்கின், அதாவது வடிதுளையில் மாட்டியிருக்கும் குட்டைக் குழாயின், பக்கவாட்டு வெட்டு வழியாகப் பைப்பில் சேர்கிறது. ஈரம் காயாத, தண்ணீர் வேகமாக ஓடாத இருட்டு வழி அது. மேலிருந்து ஊற்றும் எந்த மருந்தும் அங்கே போவதில்லை, பைப்பின் நடுவில் இறங்கி ஓடிவிடுகிறது. மேலாகக் கொஞ்சம் கரைவதால் சில நாள் வாடை அடங்குகிறது, மிச்சப் படலம் மறுபடி வளர்ந்துவிடுகிறது.

இதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய பைப்பில் பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். பிளீச்சுடன் அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் சேர்ந்தாலும் விஷ வாயுதான். ஆசிட் குரோம் பூச்சையும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் அரிக்கும்.

அடுத்து, காட்டிய கசடு. நாள்பட்ட எந்த ட்ராப்பைக் கழற்றினாலும் உள்ளே கறுப்பாகத்தான் இருக்கும். கழுவினால் போய்விடும், உடைந்தோ மரை தேய்ந்தோ இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். ட்ராப்பின் வேலையே கீழே கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி, சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுப்பதுதான். அந்தத் தேங்கிய தண்ணீர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரமாவது இருப்பது நல்லது. வளைவில்லாமல் நேராக இறங்கும் பைப்பில் தண்ணீர் தேங்காது, கீழே உள்ள நாற்றம் அப்படியே பேசினுக்கு ஏறும். போதாததற்கு அதன் ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்குத் தங்கும்.

சுவருக்குள் இருக்கும் பிவிசி பைப் அழுகும் பொருளே இல்லை. இணைப்பு விட்டிருந்தால் சுவரிலோ கீழ்வீட்டுக் கூரையிலோ ஈரம் தெரியும். அப்படி எதுவும் இல்லாமல் உடைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகருங்கள். தண்ணீரே நாறினால் வடிகாலில் குறையில்லை. வெந்நீர் மட்டும் நாறினால் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் வாடை இல்லையென்றால், வடிதுளையை மூடி, ஓவர்ஃப்ளோ துளையில் டேப் ஒட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டும் மூடியிருக்கும்போதே வாடை வந்தால், பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் இடைவெளி இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பல வாரம் புழங்காத பேசினில் ட்ராப் தண்ணீர் வற்றியிருக்கும், இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். பக்கத்தில் ஃப்ளஷ் செய்யும்போது பேசினில் குடகுடவென்று சத்தம் கேட்டால் ட்ராப் தண்ணீரை லைன் உறிஞ்சுகிறது. அது லைனுக்குக் காற்று விடும் குழாய் சம்பந்தமான கோளாறு, அதற்கு உண்மையிலேயே பிளம்பர் வேண்டும்.

மற்றபடி சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். கையுறை, வாளி, குறுகிய பாட்டில் பிரஷ், பழைய டூத் பிரஷ், முள் வைத்த பிளாஸ்டிக் பட்டை இருந்தால் போதும். வடிதுளையின் மூடியைத் திருகிக் கழற்றி அடியில் சுற்றியிருக்கும் முடியைப் பட்டையால் இழுங்கள். பிறகு வாளியை அடியில் வைத்து ட்ராப்பின் நட்டுகளைத் திருகிக் கழற்றுங்கள், வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரை அதே பேசினில் கொட்டிவிடாதீர்கள், ட்ராப் இல்லாததால் நேரே தரைக்கு வரும். ட்ராப்பை வெளியே வைத்துத் தேயுங்கள். கப்ளிங்கின் உள்சுவரை மேலிருந்தும் கீழிருந்தும் பிரஷால் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் சளி மாதிரி நீளநீளமாக வரும். பிரஷ் வெள்ளையாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஓவர்ஃப்ளோ வழிதான் அதிக வேலை வாங்கும். வளையும் பிரஷைத் துளைக்குள் விட்டுத் தேய்த்து, புனல் வைத்துச் சூடான தண்ணீரை ஊற்றி, மறுபடி தேயுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கொதிநீர் பிவிசியை இளக்கும், பீங்கானில் விரிசலும் விடலாம். தேய்த்த பிறகுதான் பிளீச். தேய்க்காமல் ஊற்றினால் படலத்தின் மேல்தோல் மட்டுமே சாகும். நூறு மில்லி பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஓவர்ஃப்ளோ வழியாக மெதுவாக ஊற்றி, பத்து நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அதற்கு முன் ட்ராப்பை மாட்டியிருக்க வேண்டும். வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் நுரை வரும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் படலம் அசையாது.

நட்டுகளைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும் திருகினால் போதும். அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை, கசிவைத் தடுப்பது வாஷர்தான். பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் தொட்டுப் பாருங்கள்.

யாராவது புதுக் கப்ளிங் மாட்டினால், ஓவர்ஃப்ளோ உள்ள பேசினுக்குப் பக்க வெட்டு உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். வெட்டில்லாததை மாட்டினால் அந்த வழியில் தண்ணீர் தேங்கியே நிற்கும். ஏற்கெனவே ஆசிட் ஊற்றிய பேசினாக இருந்தால், ட்ராப்பைத் தொடும் முன் பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு ஓடவிடுங்கள், அன்றைக்கு பிளீச் பக்கமே போகாதீர்கள், அடுத்து வருகிற ஆளிடமும் ஆசிட் ஊற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.