கவுண்டம்பாளையம் பிரேக் பட்டறை: என் 2004 மாருதி 800க்குக் கிடைத்த வைத்தியம்

கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது, பிரேக்கை விட்ட பிறகும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. கீழே வந்து நிறுத்தினால் இடது முன் சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு. பின்சீட்டில் அம்மா இருந்தார். அன்றைய பயம் இன்னும் போகவில்லை.

முதலில் போன இடத்தில் காரணம் என்னவென்றுகூடப் பார்க்காமல் பிரேக் பேடு (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றினார்கள். இரண்டே நாளில் பழைய கதைதான்.

இந்தப் பட்டறை அண்ணன் முதலில் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஜாக்கி போட்டு, இறுகியிருந்த சக்கரத்தை என்னையே சுற்றச் சொன்னார். சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. ஹோஸுக்குக் கீழே, பேடை அழுத்தும் காலிப்பரில் ஆயில் திறந்துவிடும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் லேசாகச் சுற்றியது. "பேடுல ஒண்ணுமில்லீங்க. ஹோஸு உள்ள ஊதி அடச்சிருக்குதுங்க. ஆயில் போகுது, திரும்பி வரமாட்டேங்குது" என்றார். வெளியே பார்த்தால் ரப்பரில் ஒரு வெடிப்புகூட இல்லை!

முன்பக்க ஹோஸ் இரண்டையும் மாற்றினார். ஆயிலும் புதிது. டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது, மலையிறக்கத்தில் அதுவே ஆபத்து.

கூலியோடு 1,850 ரூபாய். முழு நாள் காத்திருக்க வேண்டும், உட்கார நிழல் கிடையாது. பழைய ஹோஸை அறுத்து உள்ளே காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார்.