கைதிகளுக்கான இலவச சட்ட உதவி: மனநோயாளியின் மேல்முறையீட்டுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இந்த உதவிக்கு மதிப்பெண் போட்டால், மனு தாக்கலுக்கு ஐந்துக்கு நாலரை. மருத்துவ ஆதாரம் திரட்டுவதில் இரண்டுக்கு மேல் தர முடியாது.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12 அப்படி. சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு வக்கீலை நியமிக்கும், ஃபீஸ் கிடையாது. செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள், தூக்கு என்றால் 30. கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். குடும்பத்தார் சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

கோளாறு மனுவின் உள்ளே இருக்கிறது. சம்பவத்தின்போது சித்தசுவாதீனம் இல்லை, எனவே விடுதலை (பழைய இ.பி.கோ. 84, இப்போது பி.என்.எஸ். எனும் பாரதிய நியாய சன்ஹிதா 22) என்ற ஒரே வாதத்தோடு முடித்துவிடுகிறார்கள். நோய் இருந்ததைக் காட்டினால் மட்டும் அது நிற்காது. செய்வது இன்னதென்றோ தப்பென்றோ அந்த நேரத்தில் தெரியாத நிலை என்று காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பும் கைதி தலையில்தான். தோற்றால் மனுவில் வேறொன்றும் மிஞ்சாது. ஆகவே 'தண்டனையையாவது குறைக்க வேண்டும்' என்ற மாற்றுக் கோரிக்கை ஆரம்பத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். குற்றத்திலிருந்து விடுவிக்கப் போதாத நோய்கூட தண்டனையின் அளவில் எடுபடும்.

அதற்கும் எல்லை உண்டு. கொலைக்குக் குறைந்தபட்சமே ஆயுள். குற்றப் பிரிவே கொலையிலிருந்து வேறாக மாறாமல் அதற்குக் கீழே இறங்க முடியாது. கொலை முயற்சி, கொடுங்காயம் போன்ற வழக்குகளில் ஆண்டுகள் குறையலாம். தூக்கில்தான் பெரிய வித்தியாசம். தீர்ப்புக்குப் பின் முற்றிய கடும் மனநோயும் தண்டனையைக் குறைக்கும் காரணமே என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெயர் மறைக்கப்பட்ட கைதி ஒருவரின் தூக்கு சாகும்வரை சிறையாக மாறியது. தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்றே புரியாத அளவுக்கு நோய் இருக்க வேண்டும் என்பது அங்கே வைத்த அளவுகோல். 'டிப்ரஷன்' என்று எழுதிய ஒற்றைச் சீட்டு அதன் பக்கத்தில்கூட வராது.

ஆவணத்துக்கு வக்கீலை நம்பி உட்கார வேண்டாம். சம்பவத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டுகள், மாத்திரைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, சிறை மருத்துவமனை கேஸ் ஷீட் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை 2017 மனநலச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இருக்கிறது. விசாரணை நீதிமன்றத்தில் காட்டாத காகிதத்தை மேல்முறையீட்டில் சும்மா நீட்டினால் பதிவாகாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 432-ஆவது பிரிவின் கீழ் கூடுதல் சாட்சிய மனு போட்டு, எழுதிய டாக்டரையும் சாட்சியாகக் கேட்க வேண்டும். இன்று எடுக்கும் மருத்துவ அறிக்கை இன்றைய நிலையைத்தான் சொல்லும்; அதை வைத்துப் பழைய சம்பவத்தை விளக்கப் பார்த்தால் அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்வியில் உடைத்துவிடுவார்.

வக்கீல் பெயர் தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டியது: 432 மனு எப்போது?