யமஹா பசிபிகா 112வி: தோட்டத்துத் திருவிழா மேடையில் மூன்று வருஷம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் (எஸ்டேட்டுகளில்) திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ட்ரெமலோ வைச்ச கிட்டார் வாங்கணும், எது நல்லது?" ட்ரெமலோ என்றால் பார் என்கிற கைப்பிடியை அசைத்து எல்லாக் கம்பியின் சுருதியையும் இறக்கி ஏற்றுகிற அமைப்பு. என் பதில் யமஹா பசிபிகா 112வி என்ற எலெக்ட்ரிக் கிட்டார். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி பூட்டுப் போட்ட ட்ரெமலோ உள்ள ஒரு கிட்டார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வைத்திருந்தேன். 1970களின் கடைசியில் வந்த அமைப்பு அது. கம்பியை நட்டிலும் (கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜிலும் (உடம்பில் கம்பியைத் தாங்கும் பகுதி) இறுக்கிப் பூட்டிவிடுவதால் பாரை எவ்வளவு அமுக்கினாலும் சுருதி திரும்பி வரும், அந்த வேலையை அதுபோல வேறு எதுவும் செய்யாது. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் இரண்டாவது பாட்டிலேயே ஒரு கம்பி அறுந்தது. பிரிட்ஜ் உடம்பில் ஒட்டாமல் கம்பி இழுப்புக்கும் ஸ்பிரிங் இழுப்புக்கும் நடுவில் மிதந்துகொண்டிருக்கிறது அல்லவா, ஒரு கம்பியின் இழுப்பு போனதும் பின்னால் இருக்கிற ஸ்பிரிங் அதைத் தன் பக்கம் இழுத்துவிடும், மீதி ஐந்து கம்பியும் ஒரே நேரத்தில் சுருதி ஏறிவிடும். அலன் சாவி (அறுகோணச் சாவி) தேடி, பூட்டைத் திறந்து, புதுக் கம்பி போட்டு, எல்லாவற்றையும் மறுபடி சுருதி சேர்ப்பதற்குள் சாமி ஊர்வலமே கிளம்பிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பசிபிகாவில் இருப்பது 1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த வகை ட்ரெமலோ. (சுருதியை அசைப்பதற்கு வைப்ரேட்டோ என்பதுதான் சரியான பெயர், ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது, ஃபெண்டர் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.) ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் இதை நாமே சரிசெய்யலாம். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்படி வைத்துவிட்டேன். பாரை அமுக்கிச் சுருதியை இறக்கலாம், ஏற்ற முடியாது. எனக்கு அதில் நஷ்டமே இல்லை, நம் பாட்டில் கமகத்துக்குக் கம்பியை விரலால்தான் வளைக்கிறோம். மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பியை வளைத்தால் மற்ற கம்பிகள் சுருதி இறங்கும். ஒட்டி வைத்ததில் அந்தத் தொல்லை போய்விட்டது. நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் கம்பி சிக்காமல் திரும்பி வரும்.

பிக்கப்தான், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதிதான், இன்னும் முக்கியம் என்பேன். தோட்டத்து மேடையில் மின்சாரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: ஜெனரேட்டர், வரிசையாக சீரியல் பல்பு, பக்கத்திலேயே டிம்மர். ஒரே ஒரு காயில் (கம்பிச்சுருள்) மட்டும் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையெல்லாம் பிடித்து ஆம்ப்புக்குக் கொடுத்துவிடும். ஹம்பக்கர் என்கிற பிக்கப்பில் இரண்டு காயில், கம்பி சுற்றிய திசையும் காந்தத் துருவமும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் இரைச்சல் அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஓசை மட்டும் சேர்ந்து வரும். கிப்சனில் சேத் லவர் 1955இல் செய்த வேலை அது. பசிபிகாவில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் கழுத்திலும் சிங்கிள் காயில். கூட்டமும் மேளமும் அதிரும்போது ஹம்பக்கர், மெலடிப் பாட்டு வந்தால் கழுத்துப் பிக்கப். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரும் ஒற்றைக் காயிலாக மாறும். அப்போது சத்தம் குறையும், இரைச்சலும் திரும்ப வரும், அதனால் மேடையில் நான் அதைத் தொடுவதில்லை, வீட்டில் மட்டும்தான்.

குறை? ஆழமாக டைவ் அடித்தால், அதாவது பாரை முழுக்க அமுக்கினால், சுருதி கொஞ்சம் நகரும். முழுக்க மெட்டல் வாசிக்கிறவர்களுக்கு இது போதாது, அவர்கள் பூட்டு ட்ரெமலோவுக்கே போகட்டும். நம் ஊர் ஈரத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள்.

நான் ஈப்போ போய்த்தான் வாங்கினேன். நீங்களும் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையிலேயே சுருதி சேர்த்து, பாரைப் பத்து முறை அமுக்கி விட்டு, மறுபடி ட்யூனரில் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் பார் கூடவே வருகிறதா என்று முதலில் கேளுங்கள், பாரின் திருகு அளவு எல்லாக் கிட்டாருக்கும் ஒன்றில்லை, அப்புறம் பொருத்தமான பார் தேடி அலைய வேண்டியிருக்கும்.