பேஸ்மென்டில் தண்ணீர்: வீட்டுக்காரரா, 311-ஆ, வாரியமா?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டில் தண்ணீர் வருவதை முதலில் காட்டிக்கொடுத்தது அரிசி மூட்டைதான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம். தூக்கினால் அடிப்பக்கம் கறுத்து, அரிசி கட்டிதட்டிப் போயிருந்தது. கார்ப்பெட்டை மிதித்தால் காலுறை நனைந்தது.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வீட்டுக்காரரோடு பேசு என்றார் ஒருவர். மாநகராட்சியின் முறைப்பாட்டுத் தொலைபேசி எண்ணான 311-க்கு அழை என்றார் இன்னொருவர். வாடகையை நிறுத்து, தானாக வழிக்கு வருவார் என்றார் மூன்றாமவர்.

பேச்சுதான் மலிவு, பல நேரம் விரைவும்கூட. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரடியிலேயே முடிந்திருந்தால், அதை நாலைந்து அடி நீட்டிவிடுவதே பாதி வைத்தியம். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நீங்கள் சமைக்கிற ஆவி. ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார். அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். வெளிப்பக்கம் வியர்த்தால் அறையின் ஈரம். உள்பக்கம் வியர்த்தால் சுவர் வழியே வருவது. இரண்டு நாள் கழித்து உரித்தபோது உள்பக்கம் துளித்துளியாக நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு அவர் ஆவியைப் பற்றிப் பேசவில்லை. தொலைபேசியில் எத்தனை முறை சொன்னாலும் சாட்சி கிடையாது. தேதியோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் பிறகு எங்கே போனாலும் அது கூட வரும்.

பேச்சு எடுபடாவிட்டால் 311. கட்டணம் இல்லை. மாநகராட்சிப் பரிசோதகர் வந்து பார்த்து, பழுதுபார்க்கும்படி உரிமையாளருக்கு உத்தரவிட முடியும். ஆனால் உங்கள் கைக்கு ஒரு காசும் வராது. அனுமதி இல்லாத பேஸ்மென்ட் என்றால் அதுவும் வெளியே வந்துவிடுமே என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய. பயம் வெறுங்கற்பனையல்ல, என்றாலும், அனுமதி இல்லாத வீட்டில் இருப்பவருக்கும் ஒன்ராறியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "ஈரம் இருப்பது தெரிந்துதானே குடிவந்தாய்" என்ற வாதமும் அந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

காசு வேண்டுமென்றால் வீட்டு உரிமையாளர்–வாடகைக்காரர் வாரியம்தான். பழுதுபார்க்காததற்கான விண்ணப்பம் டி6 (T6) படிவம். வாடகைக் கழிவு, நாசமான பொருட்களுக்கு ஈடு, பழுதுபார்க்கும் உத்தரவு எல்லாம் கேட்கலாம். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடந்ததிலிருந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். என்னைக் கேட்டால் 311-ஐயும் வாரியத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை. பரிசோதகரின் உத்தரவுதான் வாரியத்தில் உங்களுக்கு நல்ல ஆவணம்.

வாடகையை நிறுத்தும் யோசனைதான் படுமோசம். உரிமையாளர் வாடகைப் பாக்கிக்கான என்4 (N4) அறிவித்தல் கொடுப்பார். அதில் ஒரு தவணை இருக்கும். அதற்குள் கட்டாவிட்டால் அவர் வாரியத்துக்குப் போய் வெளியேற்றக் கேட்கலாம். தண்ணீர் விட்டவர் முறைப்பாட்டுக்காரராகிவிடுவார், நனைந்தவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். அவ்வளவு கோபமென்றால், டி6 போடும்போதே வாடகையை வாரியத்திடம் கட்ட அனுமதி கேட்கலாம்.

வீடு மாறுவதும் ஒரு வழிதான். மாத வாடகை என்றால் 60 நாள் முன்னறிவித்தல், அதற்கு என்9 (N9) படிவம். ஒப்பந்தக் காலம் முடியாதிருந்தால் உரிமையாளர் சம்மதித்து, வாடகையை முடித்துக்கொள்ளும் உடன்படிக்கையான என்11-இல் (N11) கையெழுத்திடுவது நல்லது. ஈரத்தால் அலுத்துப்போனவர்கள் பலர் இந்தத் தாள்களை மறந்துவிட்டுச் சாமான் கட்டுகிறார்கள்.

தரை வடிகாலிலிருந்து கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணீர் ஏறினால் கதை வேறு. அது சாக்கடை திரும்புவது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் பதிவான 2013 ஜூலை 8 மழையில் பல பேஸ்மென்ட்களில் நடந்தது இதுதான். அப்போது முதல் வேலை பொருட்களை மேலே ஏற்றுவது, அடுத்தது காப்புறுதிப் பத்திரத்தைப் பார்ப்பது. சாக்கடை திரும்புவதற்கான காப்பு பெரும்பாலும் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டியது.

உரிமையாளரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய குடியிருப்பு என்றால் மேலே சொன்ன சட்டம் பொருந்தாது. வாரியத்தின் கதவும் திறக்காது. மேலே சொன்ன வழிகளில் அந்த வீட்டில் மிஞ்சுவது பேச்சும் 311-உம்தான்.