பின்னூட்டங்களை அளக்கும் மூன்று வழிகள்

மே மாதத்துச் சென்னையில், கடற்காற்று வந்து சேர்ந்த பிறகும் மொட்டை மாடியின் சூடு நள்ளிரவு வரை இறங்குவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ஒரு காரணம். மாடி வெளிவிடும் வெப்பத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக் கீழே திருப்பும் ஈரக்காற்று மற்றொன்று. வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் கொள்ளும் என்பதால், புவி முழுவதிலும் சூடு நீராவியைக் கூட்டுகிறது, நீராவி சூட்டைக் கூட்டுகிறது. இப்படிச் சூட்டால் நேரும் மாற்றம் திரும்பச் சூட்டையே கூட்டுவதோ குறைப்பதோதான் பின்னூட்டம். புவியின் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் காலநிலை மாதிரிகளுக்குள் இதுவும் மேகம், பனி ஆகியவற்றின் பின்னூட்டங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றை அளக்க மூன்று வழிகள் உண்டு.

காலநிலை அறிவியலாளர்களான வெதரால்டும் மனாபேயும் 1988இல் கையாண்ட வழி நேரானது. மாதிரியில் சூடான உலகின் நீராவியை மட்டும் எடுத்து, சூடாகும் முன்பிருந்த உலகின் கதிர்வீச்சுக் கணக்கில் பொருத்தி, வளிமண்டல உச்சியில் எத்தனை வாட் மாறுகிறது என்று பார்ப்பார்கள். கணக்கீட்டுச் செலவு அதிகம். இடம் மாறிய நீராவி தனக்குரிய மேகத்தோடு ஒட்டாமல் போவதால் பிழையும் நுழைகிறது.

கெர்னல் முறையில் அந்தச் செலவு ஒரு தடவையோடு முடிகிறது. ஒவ்வொரு இடத்திலும் உயரத்திலும் மாதத்திலும் வெப்பநிலையையோ ஈரப்பதத்தையோ சிறிதளவு மாற்றினால் கதிர்வீச்சு எவ்வளவு மாறும் என்று ஒரு மாதிரியில் கணக்கிட்டு வைத்த அட்டவணையே கெர்னல். பிற மாதிரிகள் காட்டும் மாற்றத்தை அதனால் பெருக்கினால் போதும். பல மாதிரிகளை ஒரே தராசில் நிறுக்க என் தேர்வு இதுதான். ஆனால் வழக்கமான கெர்னல்களில் மேகத்துக்கு இந்தப் பெருக்கல் நேரடியாகச் செல்லாது; சுற்றிவளைத்தே கணக்கிட வேண்டும்.

காலநிலை அறிவியலாளர் கிரிகரியும் சகாக்களும் 2004இல் முன்வைத்த மூன்றாவது வழி எந்தப் பின்னூட்டத்தையும் தனியே பிரிப்பதில்லை. இன்றைய வழக்கப்படி மாதிரியில் கார்பன் டை ஆக்சைடைத் திடீரென நான்கு மடங்காக்கி, 150 ஆண்டுகளின் வெப்பநிலை உயர்வைக் கிடையச்சிலும் வளிமண்டல உச்சியின் நிகரக் கதிர்வீச்சை (உள்ளே வருவதில் வெளியேறுவதைக் கழித்த மிச்சத்தை) நிலையச்சிலும் குறித்துக் கோடு போட்டால், சாய்வு மொத்தப் பின்னூட்டத்தையும், நிலையச்சை வெட்டும் இடம் கதிர்வீச்சு விசையையும், அதாவது வெப்பநிலை உயரும் முன்பே அந்த வாயு உண்டாக்கும் கதிர்வீச்சு மாற்றத்தையும், தரும். பள்ளி வரைபடத்தாளிலேயே போட்டுவிடலாம். ஆனால் பல மாதிரிகளில் முதல் 20 ஆண்டுகளுக்குப் பின் புள்ளிகள் கோட்டை விட்டு வளைகின்றன: கிழக்குப் பசிபிக்கும் தென்பெருங்கடலும் தாமதமாகச் சூடேறும்போது தாழ்மேகங்களின் எதிர்வினை மாறிவிடுகிறது. ஆகவே 150 ஆண்டுக் கோடு, இறுதியில் எட்டும் வெப்பத்தைப் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையில், பின்னூட்டத்தின் அளவு நீராவிக்கும் உயரத்தோடு வெப்பம் குறையும் வீதத்துக்கும் சேர்த்து, டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 1.1 முதல் 1.5 வாட் வரை, மேகத்துக்கோ −0.10 முதல் 0.94 வரை. இவ்வளவு அகலமான வரம்பு இருக்கும்போது, கெர்னலில் கிடைத்த எண்களைக் கூட்டிக் கிரிகரி கோட்டின் சாய்வோடு ஒப்பிடாமல், எந்த மாதிரியின் மேக எண்ணையும் நான் ஏற்பதில்லை.